டர்போ இருக்கக் கொள்ளளவு எதற்கு?

கார் என்ஜினின் வலிமையைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, என்ஜினையே பெரிதாக்குவது. மற்றொன்று, இருக்கும் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. இரண்டாவது வழிக்குத்தான் டர்போ என்று பெயர். டர்போ பொருத்திய கார்களைப் பற்றிப் பேசும்போது, "சின்ன என்ஜின், பெரிய சக்தி" என்றுதான் பலரும் சொல்வார்கள். அப்படியானால் டர்போ பொருத்திய ஒரு விளையாட்டுக் காருக்கு மறுபடியும் என்ஜின் கொள்ளளவைக் கூட்டியது ஏன்? கூட்டியவர்கள் கற்றுக்குட்டிகளும் அல்லர். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தார், அதுவும் உலகின் பெரும் பந்தயங்களில் டர்போவை வைத்தே வென்று காட்டிய பொறியியலாளர்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரலாறு கண்முன் விரிகிறது.

முதலில் டர்போ செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். என்ஜினிலிருந்து வெளியேறும் புகை சும்மா போவதில்லை. வெப்பத்தையும் வேகத்தையும் சுமந்துகொண்டு போகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால், அது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகுதியாக எரியும். கொல்லன் உலையில் துருத்தி செய்கிற வேலைதான் இது. ஒரே வேறுபாடு, இங்கே உலையின் புகையே துருத்தியை இயக்குகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். கார்களுக்கு அது வந்து சேர்ந்தது 1962இல்தான். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில், செவர்லே ஆகிய இரு பெயர்களிலும் டர்போ கார்கள் அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தன. ஓல்ட்ஸ்மொபில் காருக்குப் பெட்ரோலோடு தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தையும் ஊற்றவேண்டியிருந்தது. அதை ஊற்ற மறந்தவர்களே அதிகம் என்பதால் அந்தக் கார் நிலைக்கவில்லை.

போர்ஷே டர்போவின் பக்கம் திரும்பியது பந்தயத்தின் கட்டாயத்தால்தான். வட அமெரிக்காவில் அப்போது நடந்த 'கேன்-ஆம்' பந்தயத்தில் என்ஜின் அளவுக்கு உச்சவரம்பே கிடையாது. அமெரிக்கர்கள் எட்டு லிட்டருக்கு மேற்பட்ட வி-8 என்ஜின்களோடு களத்தில் நின்றார்கள். போர்ஷேயிடம் இருந்தது 917 என்னும் பந்தயக் கார். பன்னிரண்டு சிலிண்டர்கள், ஐந்து லிட்டர் அளவு. பதினாறு சிலிண்டர் என்ஜின் ஒன்றையும் கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அதை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டு சிலிண்டருக்கே டர்போவைப் பொருத்தினார்கள். ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியியலாளரின் குழு, புகையின் ஒரு பகுதியை டர்போவுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் வால்வை வைத்து அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1972இல் ஜார்ஜ் ஃபால்மரும் 1973இல் மார்க் டோனஹியூவும் அந்தக் கார்களில் பட்டம் வென்றனர். டோனஹியூ ஓட்டிய 917/30 காரின் சக்தி ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது.

போர்ஷேயின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன். அவரே ஓர் என்ஜின் வல்லுநர். பந்தயத்தில் கற்றதைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பந்தய விதிகளும் அதே திசையில் உந்தின. அடுத்த சில ஆண்டுகளில் பந்தயக் கார்கள் விற்பனைக் கார்களை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும், அவையும் நூற்றுக்கணக்கில் உண்மையாகவே தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதி வந்தது.

காலம்தான் சரியில்லை. 1973இன் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை விதித்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போ 1,672 கார்களோடு நின்றுபோனது. அப்படிப்பட்ட வேளையில், 1974 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில், பெட்ரோலைக் குடிக்கும் 911 டர்போவைப் போர்ஷே அரங்கேற்றியது. துணிச்சல் என்பதா, பிடிவாதம் என்பதா? விற்குமா என்ற ஐயம் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. கார் விற்றது. முதல் டர்போ 911 ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் மகள் லூயிஸ் பியெக்கின் 70ஆவது பிறந்தநாளுக்கு, 1974 ஆகஸ்டில், பரிசாகப் போனது. அதில் இருந்தது 2.7 லிட்டர் என்ஜின். விற்பனைக்கு வந்த கார்களில் 3 லிட்டர் என்ஜின். ஆக, பிறக்கும்போதே இந்தக் காரின் கொள்ளளவு கூட்டப்பட்டுவிட்டது!

118 மில்லிமீட்டர்

இங்கே 911 என்ஜினின் பிறப்பையும் சொல்லியாக வேண்டும். 1964இல் உற்பத்திக்கு வந்தபோது அதன் அளவு 1,991 சிசி. ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்த நிலையில் இருக்கும். ஒவ்வொன்றின் விட்டம் 80 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 66 மி.மீ. தண்ணீர் கிடையாது, விசிறிக் காற்றே குளிர்விக்கும். பக்கத்து இரு சிலிண்டர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 118 மி.மீ. இடைவெளி விட்டிருந்தார்கள். 80 மி.மீ. சிலிண்டருக்கு இது தாராளம். அந்த ஒரு தாராளமே பிறகு வந்த முப்பது ஆண்டுகளுக்கும் சோறு போட்டது எனலாம்.

மற்ற பல என்ஜின்களில் சிலிண்டர்கள் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும். அவற்றைக் கடைந்து அகலப்படுத்தலாம், ஆனால் சிறிதளவுதான். 911இல் ஒவ்வொரு சிலிண்டரும் தனிக் குழல். கழற்றி வைத்துவிட்டு அகலமான குழலையும் அகலமான பிஸ்டனையும் மாட்டலாம். அப்படித்தான் 1969இல் விட்டம் 84 மி.மீ. ஆனது, அளவு 2,195 சிசி. 1971இல் கிராங்கை மாற்றி ஓட்டத்தை 70.4 மி.மீ. ஆக்கினார்கள், 2,341 சிசி. பந்தயத்தில் பயன்பட்ட 'நிக்கசில்' எனும் நிக்கல் பூச்சு கிடைத்ததும், சிலிண்டர் சுவரை மெல்லியதாக்கி விட்டத்தை 90 மி.மீ. வரை கொண்டுபோக முடிந்தது. அதுதான் 1973ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கரேரா ஆர்எஸ், 2,687 சிசி. அதற்குமேல் மக்னீசியத்தால் வார்த்த பழைய என்ஜின் உடல் தாங்கவில்லை. வெப்பத்தில் திருகாணிகள் பிடி தளர்ந்து பிடுங்கிக்கொள்ளும் தொல்லை 2.7 லிட்டர் என்ஜின்களை நெடுங்காலம் வாட்டியது. எனவே 95 மி.மீ. விட்டமும் டர்போவும் வந்தபோது உடலை அலுமினியத்தில் வார்த்தார்கள்.

பிறந்தது 3 லிட்டர் டர்போ. 260 குதிரைத்திறன். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். பின்புறம் திமிங்கலத்தின் வால்போல அகன்ற இறக்கை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சாலைக் காரில் கொள்ளளவைக் கூட்டிய அதே நிறுவனம், பந்தயக் காரில் அதைக் குறைத்துக்கொண்டிருந்தது. டர்போ என்ஜினின் சிசியை 1.4ஆல் பெருக்கி வருவதையே அதன் அளவாகக் கொள்ளவேண்டும் என்பது அக்காலப் பந்தய விதி. 1974இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த கரேரா டர்போவின் என்ஜின் 2,142 சிசி மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் மூன்று லிட்டருக்கு ஒரு சிசி குறைவு. 1976இன் 935 காரில் 2,857 சிசி. பெருக்கினால் நான்கு லிட்டருக்குள் அடங்கும். 1977இல் இரண்டு லிட்டர் பிரிவுக்கென்றே 1,425 சிசியில் ஒரு 'குட்டி' 935 காரைச் செய்து, ஜாக்கி இக்ஸ் அதில் ஹாக்கன்ஹைமில் வென்றார். சிசிக்கு ஏற்பச் சாலை வரி கட்டும் சிங்கப்பூர், மலேசியக் கார் உரிமையாளர்களுக்கு இந்தக் கணக்குச் சாமர்த்தியம் எளிதில் விளங்கும். விதி எங்கே கோடு போடுகிறதோ அங்கேதான் என்ஜின் போய் நிற்கும். சாலைக் காருக்கு அந்தக் கோடு இல்லை. அங்கே வேறொரு சிக்கல் இருந்தது.

புலிவால்

டர்போவின் துருத்தி உடனே ஊதாது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்தால், முதலில் புகை பெருகவேண்டும், பிறகு சக்கரம் வேகம் பிடிக்கவேண்டும், அதன்பின்தான் காற்று அழுந்தி உள்ளே வரும். அதுவரை இந்த என்ஜின் சாதாரண என்ஜினைவிடவும் மந்தமானது. காரணம், டர்போ காற்றால் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்காமலிருக்க, அதன் அழுத்த விகிதத்தை 6.5க்கு 1 என்ற அளவுக்குத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். ஆகவே மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது. மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே முழுச் சக்தியும் மொத்தமாக வந்து முதுகில் அறையும்.

நேர்ச்சாலையில் இது வேடிக்கை. வளைவில் அப்படியல்ல. 911இன் என்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவே சக்தி திடீரென வந்ததும், மிரண்டுபோன ஓட்டுநர் இயல்பாகச் செய்வது காலை எடுப்பது. காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், கனமான பின்பகுதி ஊசல்போல் வெளியே வீசும். மிதித்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. புலிவாலைப் பிடித்த கதை என்பது இதற்காகவே சொல்லிவைத்ததுபோல் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தக் காருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர், பெண்களை விதவையாக்கும் கார் என்பது. பெருமைக்குரிய பெயர் அல்ல. அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. அந்தப் பெயர் வரக் காரணமாக இருந்த குடும்பங்கள் சிரித்திருக்க மாட்டா.

கொள்ளளவைக் கூட்டுவதன் பொருள் இங்கேதான் தெளிவாகிறது. துருத்தி ஊதத் தொடங்கும்வரை காரை இழுப்பது என்ஜினின் சொந்தப் பலம். அந்தப் பலம் கூடினால் மந்தம் குறையும். மேலும், பெரிய என்ஜின் அதே சுழற்சியில் அதிகப் புகையைத் தள்ளும். டர்போவும் முன்னதாகவே விழித்துக்கொள்ளும். சக்தி ஒரேயடியாகப் பாய்வதற்குப் பதில் ஓரளவு படிப்படியாக வரும். அழுத்தத்தை மட்டும் கூட்டினால் நடப்பது இதற்கு நேர்மாறு: உச்சத்தில் சக்தி கூடும், பள்ளத்துக்கும் மேட்டுக்கும் உள்ள தூரமும் கூடும். விளம்பரத் தாளில் அச்சிட ஏற்றது அழுத்தம். ஓட்டுநருக்கு ஏற்றது கொள்ளளவு.

1978ஆம் ஆண்டுக் காருக்காகப் போர்ஷே இதைத்தான் செய்தது. விட்டம் 97 மி.மீ., ஓட்டம் 74.4 மி.மீ., மொத்தம் 3,299 சிசி. 300 குதிரைத்திறன். முறுக்குவிசை 343 நியூட்டன் மீட்டரிலிருந்து 412க்கு ஏறியது. கணக்குப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கொள்ளளவு கூடியது பத்து விழுக்காடுதான். முறுக்குவிசை கூடியதோ இருபது விழுக்காடு. மிச்சம் எங்கிருந்து வந்தது? காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சூடான காற்று விரிந்து இடத்தை அடைக்குமே தவிரப் பலன் தராது. ஆகவே டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரை வைத்தார்கள். குளிர்ந்த காற்று கிடைத்ததால் அழுத்த விகிதத்தை 7க்கு 1 என உயர்த்தவும் முடிந்தது. திமிங்கல வால் மறைந்து, விளிம்பு உயர்ந்த தேநீர்த் தட்டு போன்ற இறக்கை வந்ததும் இந்த இண்டர்கூலருக்கு இடம் கொடுக்கத்தான். அழகுக்காக வந்தது என்று நினைப்போர் இன்றும் இருக்கிறார்கள்.

எல்லாம் நன்மையாகவே முடிந்துவிடவில்லை. 1975இல் 1,140 கிலோவாக இருந்த கார் 1,300 கிலோவானது. புதிய கிளட்சுக்கு இடம்விட என்ஜினை மேலும் 30 மி.மீ. பின்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. ஏற்கெனவே பின்பாரம் மிகுந்த காருக்கு இது நல்ல மருந்தல்ல. ஈடாக, 917 பந்தயக் காரின் வழிவந்த, துளையிட்ட தட்டுகள் கொண்ட பிரேக்குகளைப் பொருத்தினார்கள். புலி கொஞ்சம் சாதுவானது. வால் என்னவோ கையில்தான் இருந்தது. கியர்களும் நான்கே. ஐந்தாவது கியர் வருவதற்கு 1989 வரை, அதாவது அந்த உடலமைப்பின் கடைசி ஆண்டு வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் 1980 முதல் 1985 வரை அமெரிக்காவில் அது விற்கப்படவே இல்லை.

நிறுவனம் 3.3 லிட்டரில் நின்றுகொண்டாலும் பட்டறைக்காரர்கள் நிற்கவில்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஃபஃபன்ஹவுசன் என்றொரு சிற்றூர். அங்கே தந்தை நடத்திவந்த கார் பட்டறையைப் பொறுப்பேற்ற அலோய்ஸ் ரூஃப், 1977இலேயே 911 டர்போவுக்கு 3.3 லிட்டர் என்ஜினைச் செய்திருந்தார். அடுத்து விட்டத்தை 98 மி.மீ. ஆக்கி 3.4 லிட்டருக்குப் போனார். 1987இல் அந்த அளவு என்ஜினுக்கு இரண்டு டர்போக்களைப் பொருத்தி, 469 குதிரைத்திறனுடன் அவர் செய்த மஞ்சள் நிறக் கார் 'மஞ்சள் பறவை' என்று பெயர் பெற்றது. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில் அது மணிக்கு 339 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அதே சோதனைக்கு வந்திருந்த போர்ஷேயின் சொந்தத் தயாரிப்பான 959 அதற்குப் பின்னால்தான் வந்தது. பெரிய வீட்டுப் பிள்ளையைப் பக்கத்துத் தெருப் பிள்ளை முந்திவிட்ட கதை!

இன்னொரு முரணும் உண்டு. 1989இல் டர்போ இல்லாத 911 கார்களே 3.6 லிட்டருக்கு வளர்ந்துவிட்டன. 1990இல் வந்த புதிய டர்போவோ பழைய 3.3 லிட்டரையே மெருகேற்றி 320 குதிரைத்திறனோடு நின்றது. அண்ணனுக்குத் தம்பியைவிடச் சின்ன நெஞ்சு. 1993ஆம் ஆண்டுக் காரில்தான் அந்தக் குறை தீர்ந்தது. விட்டம் 100 மி.மீ., ஓட்டம் 76.4 மி.மீ., சரியாக 3,600 சிசி, 360 குதிரைத்திறன். 118 மி.மீ. இடைவெளியில் 100 மி.மீ. சிலிண்டருக்கே போய்விட்டது, எஞ்சிய 18 மி.மீட்டருக்குள் இரண்டு சுவர்களும் அவற்றைக் குளிர்விக்கும் காற்றுப்பாதையும் அடங்கவேண்டும். அந்தக் கார்களில் 1,500க்கும் குறைவானவையே செய்யப்பட்டன. ஒற்றை டர்போ, பின்சக்கர ஓட்டம் என்ற பழைய மரபில் அதுவே கடைசி. 1995இல் வந்த அடுத்த டர்போவில் கொள்ளளவைத் தொடவில்லை. ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறியவை; சக்தி நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போனது. சிறிய சக்கரம் சீக்கிரம் சுழலும் என்பது எளிய உண்மை. புலிவால் பிரச்சினை அந்த ஆண்டோடு பெரும்பாலும் தீர்ந்தது என்று சொல்லலாம்.

பழைய 3.3 லிட்டர் கார்களை வைத்திருப்போர் இன்றைக்கும் இதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். நாற்பது வயதான என்ஜினைப் பழுதுபார்க்கப் பிரிக்கும்போது, "பிரித்ததுதான் பிரித்தாயிற்று, 98 மி.மீ. சிலிண்டர்களைப் போட்டு 3.4 லிட்டர் ஆக்கிவிடலாமா?" என்ற பேச்சு எழும். கூடுவது 68 சிசி, இரண்டு விழுக்காடு. அதை மட்டும் செய்துவிட்டுக் கார் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். நல்ல இண்டர்கூலர், தாமதம் குறைந்த புதிய டர்போ, அவற்றுக்கு ஈடுகொடுக்கும் பெட்ரோல் அமைப்பு ஆகியவற்றோடு சேர்த்தால்தான் அந்த 68 சிசிக்குப் பொருள். 3.6 லிட்டருக்குப் போவதென்றால் கிராங்கையே மாற்றவேண்டும், என்ஜின் உடலையும் கடையவேண்டும். செலவு ஒருபுறமிருக்க, தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின் மாறாமல் இருக்கும் காருக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள். கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. விவரம் அறிந்த சிலர், மூல என்ஜினை அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு வேறொரு என்ஜினைப் பெரிதாக்கி மாட்டிக்கொள்கிறார்கள். பணமும் இடமும் உள்ளவர்களுக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான்.

போர்ஷேயும் இந்தக் கேள்வியை விட்டுவிடவில்லை. 2024 மே மாதம் அது அறிவித்த 911 கரேரா ஜிடிஎஸ் காரில், டர்போவின் அச்சிலேயே ஒரு சிறு மின்மோட்டாரை வைத்தார்கள். புகைக்காகக் காத்திருக்காமல் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றிவிடும். தாமதம் ஏறக்குறைய இல்லை. இரண்டு டர்போக்கள் தேவைப்படவில்லை. மறுபடியும் ஒன்றே போதுமானதாயிற்று. மின்சாரம் வந்த பிறகாவது என்ஜின் சிறுத்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 3 லிட்டராக இருந்ததை அவர்கள் 3.6 லிட்டர் ஆக்கினார்கள். சிலிண்டரின் விட்டம் 97 மி.மீ.; 1978இல் இருந்த அதே அளவு.